நூறு வோல்ட் பெட்டிக்கு ஒரு பூட்டு

கனகம் வேலைக்குப் போகக் கூடாது என்று எல்லப்பன் முடிவெடுத்தார். அந்த முடிவு கனகத்தின் காதுக்குப் போய்விடக் கூடாது என்று அடுத்த மூச்சிலேயே இன்னொரு முடிவும் எடுத்தார். முதல் முடிவு வீரம், இரண்டாவது அனுபவம்.

எல்லப்பன் ஒன்றும் பயந்த சுபாவக்காரர் இல்லை. ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் பிரிவில் மூத்த ஆள். நானூற்று நாற்பது வோல்ட் ஓடும் பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்து ஆளோடு கிரிக்கெட் பேசுவார். சூப்பர்வைசர் கத்தினால் காதைக் குடைந்துகொள்வார். மண்ணூரில் சொந்த வீட்டு வாசலை மிதித்ததும்தான் அந்த வோல்ட்டெல்லாம் இறங்கிவிடும். “ஏங்க” என்று கனகம் சாதாரணமாகக் கூப்பிட்டாலும், போன வாரம் செய்த தப்புகளை ஒருமுறை மனசுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் “இன்னாமா” என்பார்.

அப்படிப்பட்டவர் இப்படி ஒரு முடிவுக்கு வந்ததற்குக் காரணம் அப்பளம்.

சிரிக்காதீர்கள். காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் அவரை மண்ணூரில் இறக்கிவிடும்போது மதியம் நன்றாகச் சாய்ந்திருக்கும். கேன்டீனில் சாப்பாடு உண்டுதான். ஆனால் அங்கே சாம்பார் என்று ஊற்றுவதை எல்லப்பன் கூலன்ட் ஆயில் என்றுதான் சொல்வார். வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் கனகம் கரென்ட் அடுப்பில் காயும் எண்ணெயில் அப்பளத்தைப் போடுவாள். அவர் கால் கழுவி உட்காரும்போது சுடுசோறு, காரக்குழம்பு, தட்டில் வந்த பிறகும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் அப்பளம். இத்தனை வருஷ உழைப்புக்குக் கம்பெனி கொடுத்தது ஒரு சுவர்க்கடிகாரம். கனகம் கொடுப்பது தினம் ஒரு அப்பளம். எல்லப்பனைக் கேட்டால் இரண்டாவதுதான் உண்மையான போனஸ் என்பார்.

அந்த போனசுக்கு ஆபத்து வந்தது. ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், புதிதாக முளைத்த அடுக்குமாடிகளுக்கு நடுவில் ஒரு மழலையர் பள்ளி ஆரம்பித்தார்கள். குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் தேவை. கீபோர்டு சொந்தமாக இருக்க வேண்டும். விஜயதசமி அன்று, புதிதாகச் சேர வரும் குழந்தைகள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்தால் அன்றைக்கே வேலை.

கனகம் வாலாஜாபாத்தில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் பாட்டு டீச்சரின் ஆர்மோனியத்தில் தினமும் பிரார்த்தனைப் பாட்டு வாசித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் விரல் அழுத்தியதெல்லாம் மிக்சி பொத்தான்தான்.

“காலைல போனா நாலு மணிக்கு வந்துடலாங்க,” என்றாள் கனகம்.

“தாராளமா போ. நான் இன்னா வேணாம்னா சொல்லப்போறேன்?” என்றார் எல்லப்பன்.

வீட்டில் கீபோர்டு இல்லை. அந்த தைரியம்.

விதி ஜப்பானிலிருந்து வந்தது. கம்பெனியில் ஆலோசகராக இருந்த மோரி சான் ஊருக்கே திரும்புகிறார் என்று மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள். மோரி சானின் பிளாட்டில் ஏசி படுத்தபோதெல்லாம் போய்ச் சரிசெய்து கொடுத்தவர் எல்லப்பன். அந்த நன்றிக்கு மனிதர் ஒரு பேனா கொடுத்திருக்கலாம். ஒரு பிஸ்கட் டப்பா கொடுத்திருக்கலாம். நீளமாக ஒரு பையைத் தூக்கிவந்து, குனிந்து வணங்கி, எல்லோர் எதிரிலும் கொடுத்தார். பிரித்தால் கீபோர்டு. எல்லப்பன் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். அப்போது அவர் முகத்தில் தெரிந்த கலக்கத்தை எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வழியில் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. விழா போட்டோ வாட்ஸ்அப் குரூப்பில் ஏறி, யாரோ ஒருவரின் மனைவி வழியாக, கம்பெனி பஸ் சுங்கச்சாவடியைத் தாண்டும் முன்னாலேயே கனகத்திடம் போய்ச் சேர்ந்திருந்தது. கனகம் வாசலில் நின்றிருந்தாள்.

“சாமியே கொண்ணாந்து குடுத்தா மாதிரி கீதுங்க. விஜயதசமிக்குக் கரெக்டா வந்து சேர்ந்துச்சு பாருங்க,” என்றாள்.

எல்லப்பன் பையைத் திறந்தார். கூடவே வந்த கறுப்பு அடாப்டரைக் கையில் எடுத்தார். பின்பக்கம் நூறு வோல்ட் என்று போட்டிருந்தது. உள்ளே போவது நூறு, வெளியே வருவது பன்னிரண்டு. அவர் வேலையில் கெட்டிக்காரர். பார்த்த மாத்திரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. நம் ஊர்க் கரென்ட்டில் ஓடி அதே பன்னிரண்டு வோல்ட் கொடுக்கும் வேறொரு அடாப்டரை ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் வாங்கி மாட்டினால் தீர்ந்தது. டீ குடித்துவிட்டு வரும் நேரத்து வேலை.

ஆனால் அந்த ‘நூறு’ என்ற எண்ணைப் பார்த்த நொடியில் அவருடைய வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு சதித்திட்டமும் பிறந்தது.

“கை வெக்காத கனகம். இது ஜப்பான் சாமான்.”

“அதுக்கு?”

“அங்க கரென்ட்டு நூறு வோல்ட்டு. நம்ம வூட்ல இருநூத்தி முப்பது. சொருகினா இன்னா ஆவும் தெரியுமா?”

“இன்னா ஆவும்?”

“டப்புனு போயிடும். பொகை வரும்.”

“மெயின்டனன்ஸ் ஆளை வூட்ல வெச்சிக்கினு நான் ஏன் பயப்படணும்? நீங்க மாத்திக் குடுங்க.”

“மாத்தலாம். டிரான்ஸ்பார்மர் சுத்தணும். லேசான வேலை இல்ல அது.”

கனகம் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தாள்.

“செல்போன் சார்ஜர் மாதிரிதான கீது? நம்மூரு டப்பா ஒண்ணு வாங்கி மாட்டினா ஓடாதா?”

எல்லப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“செல்போனு வேற, சங்கீதம் வேற. வோல்ட்டு ஒரு பொட்டு ஏறி எறங்கினாலும் சுருதி பூடும். நீ ச வாசிப்ப, வெளிய நி-னு கேக்கும். பசங்க எதிர்ல மானம் போவும்.”

கனகம் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அப்படியா,” என்றாள்.

கனகத்தின் ‘அப்படியா’வை எல்லப்பன் இத்தனை வருஷம் கேட்டிருக்கிறார். அது எப்போது நிஜமான அப்படியா, எப்போது வேறு மாதிரி அப்படியா என்று பிரிக்கத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

மறுநாள் கம்பெனியில் கழித்துப் போட்டிருந்த பழைய பூட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். பூட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெரிய ஆலைகளில் மெஷினைப் பிரித்து வேலை பார்க்கும் முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து, அதற்கு ஒரு பூட்டுப் போட்டு, பூட்டியவரின் போட்டோ ஒட்டிய சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவார்கள். ‘ஆபத்து. இயக்காதே’ என்று எழுதியிருக்கும். பூட்டியவன் எவனோ அவன்தான் திறக்க வேண்டும். மேனேஜர் வந்தாலும் சரி, முதலாளியே வந்தாலும் சரி, சாவியைக் கேட்கக்கூட முடியாது. எல்லப்பனுக்கு இந்தச் சட்டத்தின் மேல் அலாதிப் பிரியம். தான் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் நடக்கும் ஒரே விஷயம் உலகத்தில் அவருக்கு அதுதான்.

அடாப்டரின் பிளக்கை அதற்கென்றே உள்ள சிவப்புப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்தார். பூட்டினார். முறைத்துக்கொண்டிருக்கும் தன் போட்டோவோடு அட்டையைத் தொங்கவிட்டார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

“நான் வேலைய முடிக்கிற வரைக்கும் யாரும் சொருகக் கூடாது. கம்பெனி ரூலு.”

“ரூல்னா ரூலுதாங்க,” என்றாள் கனகம் பணிவாக.

அந்தப் பணிவு எல்லப்பனுக்கு இனித்தது. பணிவைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும் என்பது கல்யாணம் ஆனவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு அன்றைக்கு மறந்துபோயிற்று.

அடுத்து டிரான்ஸ்பார்மர். வாலாஜாபாத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் கன்னியப்பனிடம் செத்துப்போன டிரான்ஸ்பார்மர் ஒன்றை வாங்கி வந்து, கூடத்து நடுவில் வைத்தார். கிரைண்டர் கல் கனம். தினமும் சாப்பிட்டதும் அதன் முன்னால் உட்கார்ந்து கொஞ்சம் கம்பியைச் சுற்றுவார். மறுநாள் அந்தக் கம்பியைப் பிரிப்பார். மீட்டரை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். கனகம் சூடாக பஜ்ஜி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள்.

“பாவம், எனக்கோசரம் எவ்ளோ கஷ்டப்படுறீங்க. வோல்ட்டு எறங்கிச்சா?”

“எறங்கிக்கினே கீது.”

“பொறுமையா பண்ணுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல.”

அவசரம் இல்லையாம். எல்லப்பனுக்கு நிம்மதியாக இருந்தது. இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

ஆனால் ஒரு நாள் மட்டும் அவருக்குச் சுருக்கென்றது. கனகம் துணி மடித்துக்கொண்டே, யாரிடமோ பேசுவது போலச் சொன்னாள்: “நம்ம பொண்ணு தென்றல் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதுலேர்ந்து பகல்ல வூடு கம்முனு கீதுங்க. சின்னப் பசங்க கூச்சல்ல பகல் பூரா இருந்தா நானும் மனுசி மாதிரி இருப்பேன்னு தோணுது.”

எல்லப்பனுக்கு மனசு கேட்கவில்லை. தான் செய்வது தப்பு என்று நன்றாகவே தெரிந்தது. நாளைக்கே ஸ்ரீபெரும்புதூர் போய் அடாப்டர் வாங்கிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து அப்பளம் பொரித்த எண்ணெயின் வாசனை வந்தது. திறந்த வாய்க்கு வேறு வேலை கிடைத்தது.

“வோல்ட்டு வந்துடுச்சு கனகம். இப்ப ஹெர்ட்ஸ்தான் இடிக்குது.”

“அது இன்னாது?”

“மோரி சான் ஊர்ல கரென்ட்டு செகண்டுக்கு அறுபது வாட்டி துடிக்கும். நம்மூர்ல அம்பது. அதனால இங்க பாட்டு மெதுவா ஓடும். பாப்பாப் பாட்டு வாசிச்சா ஒப்பாரி மாதிரி இழுக்கும்.”

“அய்யோ. பச்சப் புள்ளைங்க பயந்துடும்.”

“அதான் சொல்றேன்.”

“அப்படியா,” என்றாள் கனகம்.

இதற்கிடையில் வீட்டில் சின்னச் சின்னதாகச் சில விசித்திரங்கள் நடந்தன. கம்பெனி கொடுத்த சுவர்க்கடிகாரம் நின்றுபோயிற்று. டிவி ரிமோட்டைத் தட்டித் தட்டி எல்லப்பனின் உள்ளங்கை சிவந்தது. மழை நாளில் கரென்ட் போனபோது டார்ச்சை அமுக்கினால் அதுவும் எரியவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே செல் இல்லை.

“கனகம், டார்ச்சுல செல்லு எங்க?”

“ஒழுகிப் போயிருந்துச்சு, தூக்கிப் போட்டேன். இப்ப வர்ற செல்லு எதுவும் சரியில்லங்க. வரும்போது ஒரு பாக்கெட் வாங்கியாங்க.”

வாங்கி வந்தார். அடுத்த வாரம் மறுபடி வாங்கி வரச் சொன்னாள். மறுபடியும் வாங்கி வந்தார். நாட்டில் செல் தரம் இப்படிக் கெட்டுவிட்டதே என்று பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரரிடம் வருத்தப்படவும் செய்தார்.

மாடி ரூமில் குடியிருந்த மாரிசெல்வி ஒருநாள் குட்டையைக் குழப்பப் பார்த்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நைட் ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம். வாரலீவில் எல்லப்பன் டிரான்ஸ்பார்மரை வாசலுக்கு இழுத்துப் போட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது குடத்தோடு இறங்கி வந்தாள்.

“அண்ணாச்சி, மதினி நேத்து மத்தியானம் வாசிச்சது ரொம்ப நல்லாருந்துச்சி. படுத்தது தெரியல, ஒறங்கிப் போயிட்டேன்.”

எல்லப்பன் கையிலிருந்த கம்பி நழுவியது. “வாசிச்சாளா? எதுல வாசிச்சா?”

கனகம் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். “மாரி, அது செல்லுல வந்த பாட்டு. சத்தமா வெச்சிட்டேன் போல.”

மாரிசெல்வி கனகத்தைப் பார்த்தாள். கதவு வழியாக உள்ளே தெரிந்த பூட்டைப் பார்த்தாள். சிவப்பு அட்டையில் முறைக்கும் எல்லப்பனையும், அட்டைக்கு வெளியே முழிக்கும் எல்லப்பனையும் பார்த்தாள்.

“ஆமா அண்ணாச்சி, செல்லுலதான். நான் பாதி ஒறக்கத்துல தப்பா சொல்லிட்டேன்,” என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நழுவினாள்.

எல்லப்பன் எழுந்துபோய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். போட்டது போட்டபடி இருந்தது. அரைஞாணைத் தடவினார். சாவியும் இருந்தது. மெயின்டனன்ஸ்காரர் கண்ணுக்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. மறுபடி கம்பியைச் சுற்ற உட்கார்ந்தார்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் மெஷின்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பொரி கொடுத்து அனுப்பினார்கள். வீட்டிலும் கனகம் படையல் வைத்தாள். ஸ்குரூ டிரைவர், மீட்டர், கட்டிங் பிளேயர், அரிவாள்மனை, நடுவில் கீபோர்டு. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவள், பூட்டுக்கும் ஒரு பொட்டு வைத்தாள். அட்டையில் இருந்த போட்டோவின் நெற்றியிலும் ஒன்று வைத்தாள். கொஞ்சம் மல்லிகைப்பூவையும் சுற்றினாள்.

“உயிரோட இருக்கிறவன் போட்டோவுக்குப் பூ சுத்துறியே,” என்று எல்லப்பன் பதறினார்.

“இன்னிக்கு ஆயுத பூஜைங்க. பூட்டும் ஆயுதந்தான?”

அந்தப் பேச்சு ஏதோ ஒரு மாதிரி இருந்தது. ஆனால் சுண்டல் நன்றாக இருந்தது.

“நாளைக்கு விஜயதசமி. டிரான்ஸ்பார்மரு முடிஞ்சிடுமா?” என்று கேட்டாள் கனகம்.

“இன்னிக்கு ஸ்குரூ டிரைவரு சாமிகிட்ட கீது, தொடக் கூடாது. நாளைக்கு எனக்கு ஓ.டி. லைன் லீவு வுட்டாதான மிஷின் எங்க கைக்கு வரும்? போகாம இருக்க முடியாது.” குரலில் எவ்வளவு வருத்தம் சேர்க்க முடியுமோ அவ்வளவு சேர்த்தார். “கொஞ்சத்துல தவறிப்போச்சு. அடுத்த வருசம் விஜயதசமி வராமலா போவும்?”

“பரவால்லங்க. நீங்க மனசார பாடுபட்டீங்க. அது போதும்.”

எல்லப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று அவருக்கு உண்மையிலேயே வலித்தது. நாளைக்கு வரும்போது முழம் பூ வாங்கி வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அடாப்டர் வாங்கி வரவேண்டும் என்று நினைக்கவில்லை.

விஜயதசமி அன்று ஓ.டி. சீக்கிரமே முடிந்தது. எல்லப்பன் பூவோடு வந்து கேட்டைத் திறந்தார். எண்ணெய்ச் சத்தம் இல்லை. கதவு பூட்டியிருந்தது. மாடிப்படியில் மாரிசெல்வி உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள்.

“மதினி பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காவ அண்ணாச்சி. கீபோர்டையும் ஷேர் ஆட்டோல ஏத்திக்கிட்டுதான் போனாவ.”

“பூட்டோடவா?”

“பூட்டு, அட்டை, பூவு எல்லாம் அப்படியேதான் இருந்துச்சி.”

எல்லப்பனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பூட்டியதைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வாள்? அப்புறம் சிரிப்பு நின்றது. கனகம் அங்கே போய்ச் சும்மா நிற்பவள் இல்லை. யாரையாவது கூப்பிட்டுப் பூட்டை உடைத்துவிட்டால்? நூறு வோல்ட் அடாப்டரை இருநூற்று முப்பதில் மாட்டினால் டப்பென்று போகும், புகை வரும் என்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். சுற்றிலும் சின்னப் பிள்ளைகள். அதன் பக்கத்தில் கனகத்தின் கை.

சோறு, அப்பளம் எல்லாம் மறந்துபோயிற்று. பூவைப் படியிலேயே வைத்துவிட்டு பைக்கை உதைத்தார். கனகத்துக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் போதும், நாளைக்கே அவளை நானே வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனார்.

பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தும்போதே காதில் பாட்டு விழுந்தது. சுருதி இறங்கவில்லை. ஒப்பாரி மாதிரி இழுக்கவும் இல்லை. உள்ளே பாயில் குழந்தைகள் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தன. காலையில் அழுதுகொண்டே வந்த முகங்கள் என்பது கன்னத்துக் கோடுகளில் தெரிந்தது. அவர்கள் நடுவில் கனகம். பட்டுச் சேலை. விரல்கள் கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தன. அவள் இப்படிச் சிரித்து எல்லப்பன் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. நெஞ்சு நிறைந்துபோயிற்று. அதன் பிறகுதான் மெயின்டனன்ஸ் புத்தி வேலை செய்தது. ஒயரைத் தேடினார். கீபோர்டிலிருந்து ஒயரே போகவில்லை.

பூட்டு மட்டும் பக்கத்து மேஜையில் தாம்பாளத்தில் இருந்தது. பொட்டும் பூவுமாக அவர் போட்டோ எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தது.

பள்ளி நடத்தும் சசிரேகா மேடம் போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

“நீங்கதானே எல்லப்பன் சார்? வாங்க, வாங்க. உங்களாலதான் சார் கனகம் மேடத்தை எடுத்தோம்.”

“என்னாலயா?”

“இவங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வாசிச்சாங்க. நல்லாவே வாசிச்சாங்க. ஆனா ஒயரைத் தரையில இழுத்துவிட்டு, பிளக்கைச் சொருகி... ஒரு குழந்தை ஒயரைப் பிடிச்சு இழுத்திடுச்சு, இன்னொண்ணு சுவிட்ச் போர்டுல விரலை விடப் போயிடுச்சு. எனக்கு உயிரே போயிடுச்சு சார். அப்புறம் இவங்க வந்தாங்க. பிளக்கையே பூட்டி எடுத்துட்டு வந்திருக்காங்க. குழந்தைங்க இருக்கிற இடத்துல கரென்ட்டே கூடாதுன்னு நீங்களே உங்க கையால பூட்டி, சாவியையும் இடுப்புல வெச்சுக்கிட்டீங்கன்னு சொன்னாங்க. இப்படி ஒரு கணவரான்னு பெத்தவங்க எல்லாம் அசந்து போயிட்டாங்க.”

“கரென்ட்டு இல்லாம... எப்டிங்க ஓடுது?”

சசிரேகா மேடம் சிரித்தார். “என்ன சார், உங்களுக்குத் தெரியாததா? செல்லுலதான்.”

கீபோர்டின் அடிப்பக்கத்தில் ஒரு மூடி. மூடிக்குள் பென்சில் செல்கள், ஒன்றையொன்று ஒட்டி, சமர்த்தாகப் படுத்திருந்தன. எல்லப்பனுக்கு நின்றுபோன கடிகாரம் தெரிந்தது. எரியாத டார்ச் தெரிந்தது. ரிமோட்டைத் தட்டித் தட்டிச் சிவந்த தன் உள்ளங்கை தெரிந்தது. அடுத்தடுத்து தானே வாங்கிவந்து தன் கையால் கொடுத்த பாக்கெட்டுகளும் தெரிந்தன.

“பள்ளிக்கூடம் பூரா இருக்கிற பிளக் பாயின்டுக்கும் இதே மாதிரி பாதுகாப்பு பண்ணித் தருவீங்கன்னு மேடம் சொன்னாங்க,” என்றார் சசிரேகா. “வாரலீவுல வந்தா போதும் சார்.”

சுற்றி நின்ற பெற்றோர்கள் கை தட்டினார்கள். எல்லப்பன் கும்பிட்டார். வேறு என்ன செய்ய முடியும்?

திரும்பும்போது கனகம் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தாள், மடியில் கீபோர்டு.

“எப்பத்திலேர்ந்து தெரியும்?” என்றார் எல்லப்பன்.

“நீங்க பூட்டு போட்ட மறுநாளே. தூசி தொடைக்கலாம்னு திருப்பினேன், மூடி கண்ணுல பட்டுச்சு.”

“சொல்லியிருக்கலாமில்ல?”

“பூட்டுனவங்கதான் தொறக்கணும்னு ரூலு. நான் பூட்டைத் தொடவே இல்லியே.”

“நான் பொய் சொல்றேன்னு...”

“முதல் நாளு, நம்மூரு டப்பா மாட்டினா ஓடாதானு கேட்டேனே, அப்ப உங்க மூஞ்சி போன போக்குலயே தெரிஞ்சிபோச்சு. கோவந்தான் வந்துச்சு. அப்பறம் தினமும் அந்தச் செத்த டிரான்ஸ்பார்மரக் கட்டிக்கினு அழுவுறதப் பாத்தா பாவமாவும் இருந்துச்சு.” அவர் தோளில் கை வைத்தாள். “இன்னிக்கு வாசல்ல வேர்த்து வழிஞ்சிக்கினு நின்னீங்க பாருங்க, எனக்கு இன்னாவோ ஆயிடுச்சினு ஓடியாந்தீங்க. அதுல கோவம் பூடுச்சு.”

தோற்றுப்போனதில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கும் என்று எல்லப்பன் நினைத்ததே இல்லை. மண்ணூர் திருப்பத்தில் வண்டியை மெதுவாக்கினார். வயிறு ஞாபகம் வந்துவிட்டது. எவ்வளவு அடக்கியும் கேள்வி வெளியே வந்தே தீர்ந்தது.

“கனகம், நாளையிலேர்ந்து நான் ஷிப்ட் முடிச்சி வந்தா, மத்தியானம் சோறு?”

“வூட்ல கீறது நம்மூரு கரென்ட் அடுப்புங்க, இருநூத்தி முப்பது வோல்ட்டு. நீங்க சுவிட்ச போட்டாலே எரியும்.”